துட்டி வீட்டுப் படம்

செத்துப்போன குத்தாலிங்கத்துக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவன் யாக்கூப்தான்.

தென்காசியில் கோயிலுக்குக் கீழ்ப்பக்கம் யாக்கூப் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். பின்கட்டில் படம் கழுவுகிற இருட்டறை. அங்கே சிவப்பு விளக்குக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிளப்புக்கடை இட்லியைப் பிட்டு வாயில் போட்டபடி, சட்னியில் உறைப்பே இல்லை என்று குறை சொன்னார் செத்துப்போனவர். அதே நேரத்தில் மேலகரத்தில் அவர் பெண்சாதி வடிவாம்பாள் தலைவிரி கோலமாகச் சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். ஊர்ச்சனம் துட்டி கேட்க வந்து போய்க்கொண்டிருந்தது. சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பதை அந்தப் பக்கத்தில் துட்டி கேட்பது என்பார்கள். குத்தாலிங்கம் எடுத்துக்கொண்டிருந்த படத்துக்கும் அதுதான் பெயர். 'துட்டி'.

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல? இருந்தார். அதுவும் யாக்கூப்புக்கு அண்ணாச்சியாக இருந்தார்.

வயலும் தோப்புமாக வாழ்ந்த பழைய குடும்பத்தில் பிறந்தவர் குத்தாலிங்கம். மெட்ராஸுக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பினார். திரும்பும்போது கையில் பட்டம் இல்லை, ஒரு காமிரா இருந்தது. சாவி கொடுத்தால் கடகடவென்று ஓடுகிற பதினாறு மில்லிமீட்டர் காமிரா. ஐம்பத்து மூன்றில் ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் விறைத்துக்கொண்டு நிற்கிற போட்டோக்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இது போதும்டா, கிளம்பு என்றார். யாக்கூப் கடையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். ஏன் போனான் என்று அவன் பெண்சாதி ஜைனப் இன்றைக்கு வரைக்கும் கேட்கிறாள்.

முதல் படம் குற்றாலத்தில். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிற பெரிய மனுஷர்களைப் பாறை மறைவிலிருந்து எடுத்தார்கள். அவர்களுடைய தொந்தியையும், அவர்களை உருவி விடுகிற ஆட்களின் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுவது, படமே அவ்வளவுதான். யாக்கூப்பின் மாமனாருக்கு ஒரு தறிக்கொட்டகை இருந்தது. அங்கே வேட்டியைக் கட்டி அதில் படத்தை ஓட்டினார்கள். பாதியில் ஓட்டின் மேல் கல் விழுந்தது. குத்தாலிங்கம் சளைக்கவில்லை. வெளியே ஓடிக் கல்லெறிந்தவர்களையும் படம் பிடித்து, அதைக் கழுவிப் பழைய படத்தின் வாலில் ஒட்டி, மறுவாரம் அதே கொட்டகையில் மறுபடி காட்டினார்.

அடுத்த படம் ஒரு தேரோட்டத்தைப் பற்றி. வடத்தைத் தொட விடாமல் யார் யாரை எட்டி நிறுத்தினார்கள் என்பதை மட்டும் எடுத்தார். சாமியை எடுக்கவே இல்லை. சென்சார் சர்டிபிகேட் கிடைக்கவில்லை. எந்தத் தியேட்டர்க்காரரும் தொடவில்லை. அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. திருவனந்தபுரம், மதுரை, மெட்ராஸ் என்று எங்கெங்கோ இருந்து காலேஜ் பையன்கள் சாரலில் குளிக்கிற சாக்கில் வருவார்கள். தறிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். பார்த்தவன் பார்க்காதவனிடம் போய்க் காதோடு காதாகச் சொல்வான். அடுத்த சீசனுக்கு இரண்டு மடங்கு கூட்டம் வரும்.

மூன்றாவது படத்தில்தான் யாக்கூப் முதல் முதலாகப் பயந்தான். குத்தாலிங்கத்தின் அப்பா மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். வாயில் பால் விட வேண்டிய ஒரே மகன் காலடியில் காமிராவை நிறுத்தினார். முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்று தலைமாட்டில் இருந்த குத்துவிளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைக்கச் சொன்னார். தள்ளி வைத்தவள் வடிவாம்பாள். கிழவர் அடங்கியதும் அவள் அழுதுகொண்டே கொல்லைப்பக்கம் வந்தாள். அங்கே பீடி பற்றவைத்துக்கொண்டு நின்ற யாக்கூப்பிடம், "நாளைக்கு நான் கெடந்தாலும் இப்படித்தான் எடுப்பாவளோ தம்பி?" என்று கேட்டாள். 

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மெட்ராஸ் பையன்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருத்தன் மட்டும், சார், அப்பாவையே எடுத்துவிட்டீர்கள், இனிமேல் எடுக்க என்ன பாக்கி இருக்கிறது என்று கேட்டு வைத்தான். அந்தக் கேள்வி குத்தாலிங்கத்தின் மண்டைக்குள் புகுந்து குடைய ஆரம்பித்தது. ஒரு வருஷம் எதையும் எடுக்காமல் திரிந்தார். அறுபத்தொன்று ஆடியில், மழை பிடித்து அருவியெல்லாம் செந்தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருந்தபோது, யாக்கூப்பைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவர் செத்துப்போக வேண்டும். ஊர் அழ வேண்டும். அது நடிப்பாக இருக்கக் கூடாது.

மதினிக்கு மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று யாக்கூப் கெஞ்சினான். அவளுக்குச் சொன்னால் படம் எதற்கு என்று கேட்டார் குத்தாலிங்கம். அழுகிறவர்களில் ஒருத்தியாவது உண்மையாக அழ வேண்டும் அல்லவா, மற்றவர்கள் அழுவார்கள் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. கூடவே ஒரு வாக்கும் கொடுத்தார். "தாலில கை வைக்கதுக்கு முன்னால நான் வாசல்ல வந்து நின்னுருவேன். அவ என்னப் பாப்பா. அந்த முகத்த நீ எடு. அதோட படம் முடிஞ்சு போச்சு. அம்புட்டுதாம்லே." யாக்கூப் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் அவனுக்கு இல்லை.

அருவிக்கு மேலே செண்பகாதேவி கோயிலுக்குப் போகிற பாதையில், ஆறு நுரைத்துக்கொண்டு பாய்கிற இடத்தில், குத்தாலிங்கம் செருப்பைக் கழற்றி வைத்தார். கண்ணாடியைப் பாறை இடுக்கில் போட்டார். மேல்துண்டை ஆற்றில் விட்டார். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கிப் போய்விட்டார். யாக்கூப் அலறிக்கொண்டு கீழே ஓடி வந்தான். அந்த அலறலுக்கு அவனுக்கு நடிப்பு தேவைப்படவில்லை. பயத்தில் தானாகவே வந்தது.

ஆள் விட்டுத் தேடினார்கள். வெள்ளம் வடிய வடியத் தேடியும் துண்டுதான் கிடைத்தது. குத்தாலிங்கத்தின் பெரியப்பா ஞானசம்பந்தம் வந்தார். வெள்ளை மீசை, நெற்றி நிறைய விபூதி, பேச்சில் ஒரு சொல் கூடுதலாக வராது. தம்பி செத்துக்கொண்டிருந்ததைப் படம் எடுத்துத் தறிக்கொட்டகையில் ஓட்டிய மகனை அவர் அன்றைக்கே தலை முழுகியிருந்தார். காணாமல் போனவனுக்குக் காரியம் செய்ய வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், கண்ணால் கண்ட சாட்சி இருந்தால் உடனே செய்யலாம் என்று ஐயர் சொல்லியிருந்தார். அதனால் பெரியப்பா கூட்டத்துக்கு நடுவில் யாக்கூப்பை நிறுத்தினார். "ஒன் அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு. அவன் போனத நீ கண்ணால பாத்தியா?"

வடிவாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தேன் என்றான் யாக்கூப். சொன்ன மாத்திரத்தில் கெட்டுப்போனோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தர்ப்பையால் ஓர் ஆளைச் செய்தார்கள். குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், சங்கு ஊதினார்கள். சிற்றாற்றங்கரையில் பெரியப்பாவே கொள்ளி வைத்தார். யாக்கூப் மச்சில் இருந்தான். குத்தாலிங்கம் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை அது. சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் முற்றமும் பட்டாசலை என்கிற கூடமும் நன்றாகத் தெரியும். அண்ணாச்சியின் சாமான்களை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறியவனை யாரும் சந்தேகப்படவில்லை. கீழே பெண்கள் மாரடித்து அழுகிற சத்தத்தில் காமிரா ஓடுகிற சத்தம் அமுங்கிப் போயிற்று. அந்தியில் சுருளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போவான். குத்தாலிங்கம் இருட்டில் கழுவி, ஈரத்தோடு தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். பெரியப்பாவின் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதில் அவருக்குச் சந்தோஷம். துட்டி கேட்க வந்தவர்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசியதில் பரம சந்தோஷம். ஆனால் வடிவாம்பாள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சுருளிலும் அப்படியேதான் இருந்தாள். இவளுக்கு என்ன வந்தது, அழ மாட்டேன் என்கிறாளே என்று அவர் யாக்கூப்பிடம் கோபித்துக்கொண்டார். பெண்சாதி அழவில்லை என்பதற்காகச் செத்தவன் கோபப்படுவதை யாக்கூப் அந்த அறையில்தான் பார்த்தான்.

ஒருநாள் மத்தியானம் மச்சிலிருந்து இறங்குகிறபோது வடிவாம்பாள் படிக்குக் கீழே நின்றாள். வீட்டில் எல்லாரும் சாப்பாட்டுக் களைப்பில் கண்ணயர்ந்திருந்தார்கள். அவள் மெலிந்து கண் உள்ளே போயிருந்தது. சோறு இறங்கவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டதை அவன் கேட்டிருந்தான்.

"தம்பி, விழுதப்போ அவிய என்னமும் சொன்னாவளா?"

யாக்கூப் நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள்தான் இந்த மாதிரி நேரத்தில் குடியைக் கெடுப்பார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் இரைச்சல் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கு நெஞ்சு தாங்கவில்லை. அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. "ஒங்க பேரச் சொன்னாரு மதினி. வடிவு, வடிவுன்னு கூப்பிட்டுக்கிட்டே போனாரு" என்றான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குத்தாலிங்கம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏட்டி, இங்கன வா, அந்த லைட்டப் புடி, அவ்வளவுதான். வடிவாம்பாள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த அந்த அழுகையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஓடி வந்தார்கள். குத்தாலிங்கம் கேட்ட அழுகை அதுதான். காமிரா மேலே ஜன்னலோரம் கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் தெளிந்தவள் மாதிரி நடமாடினாள். தலையை முடிந்துகொண்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அந்தத் தெளிவைப் பார்த்து மற்றவர்கள் நிம்மதியானார்கள். யாக்கூப்புக்கு மட்டும் பிடிக்கவில்லை. தாலியைக் கழற்றி வாங்குகிற நாளுக்கு முந்தின நாள், கொல்லைப்பக்கத்து ஜன்னல் வழியாகச் சும்மா கொஞ்சம் ஓட்டினான். வடிவாம்பாள் கிணற்றடியில் குனிந்து எதையோ பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கு இருட்டறையில் இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அந்த ஈரச் சுருளைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, அது அரளிக்கொட்டை" என்றான் யாக்கூப்.

அண்ணாச்சி இப்போது எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவார், மேலகரத்துக்கு ஓடுவார் என்று யாக்கூப் காத்திருந்தான். அவர் சுருளை இன்னும் கொஞ்சம் விளக்குப் பக்கம் சாய்த்தார். "அந்தப் பக்கம் வெளிச்சம் காணாதுலே. நாளைக்குப் பட்டாசலைக் கதவு ரெண்டையும் தொறந்து வச்சிரு" என்றார்.

யாக்கூப் இரண்டு எட்டு பின்னால் போனான். அவர் அதைக் கவனித்து, லேசாகச் சிரித்து, அவள் தின்ன மாட்டாள், அவளை எனக்குத் தெரியாதா, நாளைக்கு நான்தான் வந்துவிடுகிறேனே என்று தட்டிக் கொடுத்தார். யாக்கூப் வெளியே வந்து நின்றான். ஓடிப் போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால் அல்லா பெயரால் சொன்னது பொய் என்றாகும். ஊர் அவனை வெட்டிப் போடும். அதை எல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? நாளைக்கு அண்ணாச்சியே வந்துவிடப் போகிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஜைனப் வைத்த சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டான்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம். சுமங்கலிகள் விலகிக்கொண்டார்கள். தாலி இழந்த பெண்கள் நாலைந்து பேர் வடிவாம்பாளை மணை போட்டு உட்கார்த்தினார்கள். தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, மஞ்சள் பூசி, கடைசி முறையாக அலங்காரம் செய்திருந்தார்கள். பிறந்த வீட்டார் கொண்டுவந்த வெள்ளைக் கோடிச் சேலை தாம்பாளத்தில் இருந்தது. பட்டாசலைக் கதவு இரண்டும் திறந்திருந்தன. வெளிச்சம் நன்றாக விழுந்தது.

யாக்கூப் சாவி கொடுத்து ஓட்ட ஆரம்பித்தான். ஒரு கண் காமிராவில், ஒரு கண் வாசலில். வளையலை உடைத்தார்கள். பூவைப் பிய்த்தார்கள். வாசலில் யாரும் இல்லை. அப்போதுதான் தொழுவத்துப் பக்கம் பார்த்தான். மாட்டுக்கும் சுவருக்கும் இடையில், துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, குத்தாலிங்கம் நின்றுகொண்டிருந்தார்.

வந்துவிட்டார்! யாக்கூப்புக்கு உயிர் திரும்பியது. ஒரு எட்டு எடுத்து வைத்தால் வாசல்.

அவர் எட்டு எடுத்து வைக்கவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி பெண்சாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவியின் கை வடிவாம்பாளின் கழுத்துக்குப் போனது. குத்தாலிங்கம் தலையைத் தூக்கி மச்சு ஜன்னலைப் பார்த்தார். வலது கையை உயர்த்தி விரலைச் சுழற்றினார். ஓட்டு, ஓட்டு. நிறுத்தாதே.

யாக்கூப் உள்ளங்கையை லென்சின் மேல் வைத்து அழுத்தி மூடினான். காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. சாவி தீர்ந்ததும் மறுபடி கொடுத்தான், மறுபடி மூடினான். அது ஏன் என்று அவனுக்கே தெரியாது. கீழே தாலி கழன்று பால் கிண்ணத்தில் விழுந்தது. பெண்கள் ஓலமிட்டார்கள். வடிவாம்பாள் அழவில்லை. வெள்ளைச் சேலையை வாங்கிக்கொண்டு, உடுத்திவிட்டு வருகிறேன் என்று உள்ளறையான அரங்குவீட்டுக்குள் போனாள். போகும்போது இடுப்பில் முடிந்திருந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

யாக்கூப் காமிராவைப் போட்டுவிட்டுப் படியில் உருண்டு விழுந்து ஓடினான். ஆம்பிளை நுழையக் கூடாத அறைக்குள், அதுவும் அந்த நேரத்தில் நுழைந்தான். அவள் அம்மிமேல் கொட்டையை வைத்துக் குழவியைத் தூக்கியிருந்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான். கொட்டைகள் தரையெல்லாம் சிதறி ஓடின.

"மதினி, அண்ணாச்சி உசுரோட இருக்காரு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பின்னால் வந்து நின்ற உருவத்தைப் பார்த்தாள். அதற்குள் வெளியே கூச்சல் கிளம்பிவிட்டது. செத்தவரைக் கண்டு ஒருத்தி மயங்கி விழுந்திருந்தாள். குத்தாலிங்கம் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். முகம் பளபளவென்று இருந்தது. பெண்சாதியைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏலே, எல்லாம் படத்துல விழுந்துச்சா?" என்று யாக்கூப்பைக் கேட்டார்.

வடிவாம்பாள் அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு மெள்ளக் குனிந்து, தரையில் கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். பிறகு ஆம்பிளைகளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளைச் சேலையை உடுத்தினாள்.

ஊர் யாக்கூப்பை வெட்டவில்லை. ஞானசம்பந்தம் தடுத்துவிட்டார். ஐயரோடு உட்கார்ந்து பேசி அவர் ஒரு முடிவைச் சொன்னார். ஈமக்கடன் முடிந்தவன் திரும்பி வந்தால் அவன் பழைய ஆள் கிடையாது. வீட்டுக்குள் வரக் கூடாது, இலையில் உட்காரக் கூடாது. மறுபடி பிறக்க வேண்டும். நெய்யில் குளிப்பாட்டி, தொட்டிலில் இட்டு, பெயர் வைத்து, காது குத்தி, பிறகு அதே பெண்ணுக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். சாஸ்திரம் அப்படி.

குத்தாலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு முடிவைத் தானாக யோசித்தால்கூடக் கிடைக்காது என்று யாக்கூப்பிடம் சொன்னார். அவரைத் தொட்டிலில் கிடத்தி ஆட்டியபோது காமிராவுக்கு நேராக முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். அந்தப் பார்வையை யாக்கூப் சட்டென்று காமிராவை நிறுத்தித் தவிர்த்தான். எதுவோ சரியில்லை என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வடிவாம்பாள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

தாலி கட்டுவதற்குக் குற்றாலத்தில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஏற்பாடு. அருவி இரைச்சல் காதை அடைத்தது. சாரல் உள்ளே வரைக்கும் அடித்தது. வடிவாம்பாள் வெள்ளைச் சேலையில்தான் வந்தாள். கூறைப்புடவை அங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். மறுபடி பிறந்து மறுபடி கட்டுகிற தாலி ஆகையால் எல்லாச் சடங்கும் முறைப்படி நடக்க வேண்டும் என்பதில் ஞானசம்பந்தம் கறாராக இருந்தார். அதனால் ஒரு கேள்வியும் முறைப்படி கேட்டார். பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டார். முதல் கல்யாணத்தில் அவளை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"சம்மதம் இல்ல" என்றாள் வடிவாம்பாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. அருவி இரைச்சலில் கேட்பதற்காக எல்லாரும் அவள் பக்கம் சாய்ந்தார்கள். "எம் புருசன் வெள்ளத்துல போனாவ. போறப்போ எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாவளாம். அவியளுக்குத்தான் நான் அழுதேன். அவியளுக்குத்தான் தாலியக் கழத்திக் குடுத்தேன். இவிய யாருன்னு எனக்குத் தெரியாது."

குத்தாலிங்கம் சிரித்தார். பெண்டாட்டி நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அவர் முகத்தில் பயத்தை யாக்கூப் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. "பேரச் சொன்னேனா? யாரு சொன்னா? ஏலே யாக்கூபு, நீதானலே கூட இருந்த. நான் விழவும் இல்ல, ஒண்ணும் சொல்லவும் இல்லன்னு சொல்லுலே."

எல்லாரும் யாக்கூப்பைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட லேசான நேரம் வாய்க்காது. அவர் விழவில்லை என்பது அங்கே இருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். வடிவாம்பாளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல புருஷன் அவன் வாயிலிருந்து வந்தவன். அவனையும் இப்போது கொல்லச் சொல்கிறார்கள்.

"சொன்னாரு. வடிவு, வடிவுன்னு கூப்பிட்டாரு. நான் காதால கேட்டேன். அல்லாவுக்குப் பொது" என்றான் யாக்கூப்.

ஞானசம்பந்தம் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மணவறையில் இருந்த தேங்காய் பழத்தை எடுத்து வைக்கச் சொன்னார். பெண்ணுக்குச் சம்மதம் இல்லை, இனிமேல் இதில் பேச ஒன்றும் இல்லை என்றார். வடிவாம்பாள் மாட்டுவண்டியில் ஏறி மேலகரத்துக்குப் போனாள். குத்தாலிங்கம் மாலையும் கழுத்துமாக மண்டபத்தில் நின்றார். காமிரா யாக்கூப்பின் தோளில் மூடியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு குத்தாலிங்கம் குற்றாலத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். தாலி வாங்குகிற சுருளை அவரே கழுவினார். முதலில் கொஞ்சம் வளையல், கொஞ்சம் பூ. அதற்குப் பின்னால் சுருள் முடிகிற வரைக்கும் வெறும் கறுப்பு. பெண்சாதியைக் கொடுத்து வாங்கிய சுருள் அது. யாக்கூப் உதை வாங்கத் தயாராக நின்றான். அவர் உதைக்கவில்லை. அந்தக் கறுப்பை அப்படியே படத்தில் ஒட்டினார்.

படம் அறுபத்து நாலில் தறிக்கொட்டகையில் ஓடியது. கறுப்பு வந்ததும் பையன்கள் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். சிலர் அழுதார்கள். ஒரு பத்திரிகையில் ஒருத்தர் அதைப் பற்றி நாலு பக்கம் எழுதினார். மலையாளத்துப் பையன்கள் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டயம் வரைக்கும் காட்டினார்கள். அந்தக் கறுப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அது எடுக்கக் கூடாதது, அதனால்தான் எடுக்கவில்லை என்று குத்தாலிங்கம் தாழ்ந்த குரலில் சொல்வார். புரொஜெக்டர் பக்கத்தில் நிற்கிற யாக்கூப் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வான். ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷருக்கு அது ஒன்றுதான் மிச்சம், போகட்டும் என்று விட்டுவிட்டான்.

வேறு படம் அவரால் எடுக்க முடியவில்லை. காமிராவைத் தூக்கிக்கொண்டு போனால் ஊரில் யாரும் எதிர்ப்பதில்லை, கல்லெறிவதும் இல்லை. அவர் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் விலகிப் போனார்கள். வடிவாம்பாள் வருஷம் தவறாமல் ஆடியில் திதி கொடுத்தாள். பெரியப்பா வீட்டுப் பையன் ஒருத்தன் எள்ளும் தண்ணீரும் இறைப்பான். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இலை போட்டுச் சாப்பாடு போடுவாள். யாக்கூப் ஒவ்வொரு வருஷமும் போவான். காக்கை சீக்கிரத்தில் வராது. உயிரோடு இருக்கிறவனுக்கு வைத்த சோற்றை அது எப்படி எடுக்கும் என்று பந்தியில் உட்கார்ந்தவர்கள் குசுகுசுப்பார்கள்.

அறுபத்தெட்டில் திதி அன்றைக்கு மத்தியானம் குத்தாலிங்கம் வந்தார். இருமலில் ஆள் பாதியாகியிருந்தார். கையில் காமிரா இல்லை. தன் வீட்டு வாசலில், பந்திக்குக் காத்திருக்கிற பரதேசிகளோடு ஒருவராக நின்றார். எல்லாரும் அவரைப் பார்த்துவிட்டு வடிவாம்பாளைப் பார்த்தார்கள். அவள் மதில்மேல் காக்கைச் சோற்றை வைத்துவிட்டுக் கை தட்டிக் கூப்பிட்டாள். அந்த வருஷம் காக்கை உடனே வந்தது. வந்து, அத்தனை பேர் பார்க்க, சோற்றைக் கொத்திக்கொண்டு போயிற்று. குத்தாலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலை போட்டார்கள். அவரும் ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வடிவாம்பாள் வெள்ளைச் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். அவர் இலைக்கு வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. "வடிவு" என்றார்.

வாழ்நாளில் முதல் முறையாகச் சொன்னார். பக்கத்து இலையில் இருந்த யாக்கூப்புக்கு அது நன்றாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டது. அவள் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு சோற்றை வைத்தாள், பருப்பை ஊற்றினாள். அடுத்த இலைக்கு நகர்ந்துகொண்டே, பின்னால் நெய்க் கிண்ணத்தோடு வந்த பெண்ணிடம் சொன்னாள்.

"அண்ணாச்சிக்கு நெய் விடு. பசியோட வந்திருக்காவ."